கிழவன் பல்லுக்குப் பின்னால்

பாலத்தின் மேல் ஊரே ஆம்லெட் தட்டோடு நின்றது. வெயிலைக் காணவில்லை.

வானத்தில் மேகம் இல்லை. மாதா கோவில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்துவிட்டது. நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன், பிப்ரவரியில் இந்த நாள், இந்த நேரம், தெற்கு முகட்டுக்கு மேல் தலைகாட்டும். நாங்கள் ஆம்லெட்டைத் தூக்கிக் காட்டுவோம். வட்டமாய், மஞ்சளாய், தன்னைப் போலவே ஒன்று கீழே இருப்பதைப் பார்த்து அதற்கு மனம் இளகிவிடும். அடுத்த நவம்பர் வரை தினமும் வந்துபோகும். பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடு. ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்த முறை ஆம்லெட் ஆறிக்கொண்டிருந்தது.

"எவளோ வெண்ணெய்க்குப் பதிலா எண்ணெய் ஊத்தியிருக்கா. அதுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் ரொட்டிக் கடைக்காரி, பக்கத்துத் தட்டைப் பார்த்தபடி.

"உன் முட்டை நாத்தம் தாங்காமத்தான் பாதியில திரும்பிப் போயிருக்கும்" என்றது பக்கத்துத் தட்டு.

ஆற்றின் எதிர்க்கரையில் குளிர்காலம் முழுக்க வெயில் உண்டு. பனிச்சரிவும் உண்டு. எங்கள் முன்னோர் இரண்டையும் யோசித்துப் பார்த்து நிழலில் வீடு கட்டினார்கள். தெற்கு மலைக்குக் கிழவன் பல் என்று பெயர். அதை வெட்டி வெட்டிப் பாதி பிரான்சுக்கு ஸ்லேட்டுக் கல்லில் கூரை போட்டார்கள். பிறகு பிரான்சு தகரத்துக்கு மாறியது. குவாரியை மூடினார்கள். இப்போது ஊர் பிழைப்பது ஆட்டுப்பால் சீஸாலும், வெயில் திரும்பும் நாளைப் பார்க்க நகரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களாலும்தான். அவர்கள் ஊரில் வெயில் தினமும் அடிக்கிறது. அதனால் அங்கே யாரும் அதைப் பார்ப்பதில்லை.

பாலத்தை ஒட்டிய முதல் வீடு அந்தெல்மினுடையது. ஜன்னலோரக் கட்டிலில் அவன் மனைவி ஸெலி. பாலத்தில் விழும் வெயில் அடுத்த நொடி அவள் தலையணையில் விழும். கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாண்டிவிட்டாள். தன் பேச்சைக் கேட்காததற்காக டாக்டர் அடிக்கடி வந்து அவளைக் கோபித்துக்கொண்டு போனார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தெல்ம் தினமும் கடப்பாரையோடு கிழவன் பல் மேல் ஏறினான். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. குவாரியில் நரைத்தவன். முகட்டில் இன்னும் கொஞ்சம் உடைத்துத் தள்ளினால் வெயில் முன்கூட்டியே வரும். ஸெலி கண்ணை மூடுவதற்குள் அவள் முகத்தில் படும். பாதிரியார் அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். பெண்கள் அழுதார்கள். வீட்டுக்கு வெங்காய சூப் அனுப்பினார்கள்.

"சீக்கிரம் வரும்னு பார்த்தா, வர்ற நாளுக்கே வரலியே" என்றார் மேயரம்மா ஒடில். "பஸ்ல வந்தவங்க வாட்சைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. பெரியவரே, உங்களுக்குத்தான் ஒரு வேலையும் இல்லையே. மேலே போய் என்னன்னு பாத்துட்டு வாங்க."

போனேன். ஆம்லெட் தட்டையும் கையோடு எடுத்துப்போனேன். பாலத்தில் வைத்துவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது. எங்கள் ஊர் அப்படி.

மேலே பளீரென்று வெயில். பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்ததால், என் நிழலை யாரோ என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டேன்.

அந்தெல்ம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வியர்க்க வியர்க்க நின்றிருந்தான். முகட்டில் ஒரு சில்லுகூட உடைந்திருக்கவில்லை. அதன் நீளத்துக்கும் ஸ்லேட்டுச் சுவர். தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கிடந்த குவாரிக் கழிவையெல்லாம் நெம்பி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு கீற்று வெளிச்சம்கூடப் புகாதபடி அடுக்கியிருந்தான். சுத்தமான வேலை. சுவருக்கு இந்தப் பக்கம் சூரியன் நின்றுகொண்டிருந்தது, பூட்டிய கடைக்கு வந்தவனைப் போல.

எங்கள் ஊரில் கல் என்றால் மேலேயிருந்து கீழே போகும். மேலேயே நின்று இன்னும் மேலே போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால் ஒருவருக்கும் இப்படித் தோன்றவில்லை.

"டேய், என்னடா பண்றே? கீழ ஊரே வெயிலுக்குக் காத்துக் கிடக்கு."

"தெரியும். மறைக்காமத் தள்ளி நில்லு. அது தினமும் ஒரு விரல் ஏறுது. நான் ரெண்டு விரல் ஏத்தணும். நவம்பர் வரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும், அப்புறம் அதுவே போயிடும்."

"ஸெலிக்கு வெயிலைக் காட்டத்தானேடா ஏறினே?"

அந்தெல்ம் ஒரு கல்லை வைத்து, கண்ணைச் சுருக்கி மட்டம் பார்த்தான்.

"அவ டாக்டர்கிட்ட சொல்லிட்டாடா. 'வெயில் மூஞ்சியில பட்டதும் போயிடுறேன், அதுக்கு முன்னாடி மாட்டேன்'னு. என் எதிர்லயே சொன்னா."

ஸெலி சொன்ன சொல் மாறாதவள். இருபது வயதில், உன்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். இன்றுவரை கட்டிக்கொள்ளவில்லை.

சுவர் ஓரமாகக் கீழே எட்டிப் பார்த்தேன். நிழலுக்குள் பாலம், பாலத்தின் மேல் மஞ்சள் மஞ்சளாய்ப் புள்ளிகள். ஒடில் கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

தட்டைப் பாறை மேல் வைத்தேன். பெரிய கல்லாகப் பார்த்து ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையை அந்தெல்ம் பிடித்தான்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் செர்ரி பழுக்கவில்லை.