சர்வர் எழவில்லை

"இது இலியேசா வேலைதான். போற அன்னிக்கு எதையோ பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கான்."

ஃபிஜியின் லம்பாசா ஊரில் இருந்த அந்தச் சிறிய டயாலிசிஸ் நிலையத்துக்கு மேலாளரான உர்மிளா, கறுப்புத் திரையை முறைத்துக்கொண்டு நின்றார்.

கம்ப்யூட்டர் பிரிவில் மிச்சமிருந்த ஒரே ஆளான வாசிட்டி, கேபிள்களை மறுபடி சரிபார்த்தாள். காலையிலிருந்து ஐந்து முறை சர்வரை அணைத்துப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று, டிஸ்க் கிடைக்கவில்லை என்றது.

வெளியே நான்கு நோயாளிகள். சவுசவு ஊரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்தவர்கள். யாருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், என்ன மருந்து என்பதெல்லாம் சர்வருக்குள். அது தெரியாமல் ஊசி குத்த மாட்டேன் என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

"ரெண்டு டிஸ்க் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னு சொன்னீங்களே?"

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு மேடம். பூட் ஆகும்போது ரெண்டையும் ஒண்ணா சேர்க்க மாட்டேங்குது."

"அவனுக்கே போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

ஆறு வாரத்துக்கு முன்புவரை கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டு பேர். ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றானபோது இலியேசாவை அனுப்பிவிட்டார்கள். இப்போது துறைமுகத்தில் ஒரு வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். அதற்காக அவர் கேட்ட நற்சான்றுக் கடிதம், கையெழுத்தாகி உர்மிளாவின் மேஜையில் இருந்தது.

"புலா வாசிட்டி," என்று ஃபிஜி வழக்கப்படி வணக்கம் சொன்னார் இலியேசா. "என்னாச்சு?"

சொன்னாள்.

"கெர்னல் நம்பர் என்னன்னு காட்டுது?"

"கடைசியில எழுபத்தொண்ணு." திரையில் இருந்த சிஸ்டத்தின் பதிப்பு எண்ணை வாசிட்டி படித்தாள்.

மறுமுனையில் இலியேசா அந்த எண்ணைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"பழைய கெர்னல்ல போய்ப் பாத்தியா?"

"அதுலயும் இதேதான்."

"சரி, நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணு. முதல்ல ரெண்டு டிஸ்க்கையும் கையாலயே சேர்த்துவிடு. சிஸ்டம் ஏறினதும், ரெண்டு டிஸ்க்கையும் இணைக்கற ரெய்டு விவரத்தைச் சேர்த்து பூட் ஃபைலை மறுபடி உருவாக்கு."

கால்மணி நேரத்தில் சர்வர் எழுந்தது. இன்னொரு முறை அணைத்துப் போட்டார்கள். தானாகவே எழுந்தது. நர்ஸ் முதல் பெயரைக் கூப்பிடுவது கேட்டது.

உர்மிளா போன் பக்கம் குனிந்தார்.

"இலியேசா, நேராவே கேக்கறேன். இது உன் வேலையா?"

வாசிட்டி தலை நிமிரவில்லை.

"ஆமா மேடம். கிளம்பற அவசரத்துல ரெய்டு செட்டிங்கைத் தப்பா விட்டுட்டேன். வேணும்னு செய்யல."

"வெளியில நாலு உயிரு உக்காந்திருக்கு."

"தெரியும் மேடம்."

"அந்தக் கடிதத்தை எதிர்பாக்காதே."

உர்மிளா தன் அறைக்குப் போய்க் கடிதத்தை இரண்டாகக் கிழித்துப் போட்டார்.

வாசிட்டி ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் போய் மறுபடி போன் செய்தாள்.

"ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"நான் இருந்தவரைக்கும் கெர்னல் அறுபத்தெட்டுதான் வாசிட்டி. புதுப் பதிப்பு எழுபத்தொண்ணை நீதானே ஏத்தினே?"

"நேத்து ஞாயித்துக்கிழமை ஏத்தினேன். நடுவுல டிஸ்க் செட்டிங் பத்தி என்னமோ கேட்டுச்சு. படிக்காமலே 'வேண்டாம்'னு தட்டிட்டேன். இன்னிக்கு மேடம் உங்க பேரைச் சொன்னதும்... பயந்துட்டேண்ணே."

"அழாதே. உண்மையைச் சொல்லியிருந்தா இன்னிக்கே உன்னை அனுப்பியிருப்பாங்க."

"உங்க துறைமுக வேலை?"

"ஆறு வாரமா காலையில எழுந்து, போக இடமில்லாம உக்காந்திருக்கேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியணுமா?"

போனை வைத்துவிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, சொல்லிவிடுவது என்ற முடிவோடு உர்மிளாவின் அறைக்குள் போனாள்.

உர்மிளா டீயை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரும்மா. நல்லவேளை, அவனை அனுப்பிட்டு உன்னை வெச்சுக்கிட்டோம்."

வாசிட்டி வாயைத் திறந்தாள்.

"ஆமா மேடம்" என்றாள்.