தம்பி விடாத கம்பெனி

“இன்னொரு கம்பெனிது ஆஃபர்ல சல்லிசா கெடைக்குதே. இதை எதுக்கு வாங்குனீங்க?” புது பிளேஸ்டேஷனை முறைத்தாள் அருள்மொழி.

“சிதம்பரத்துல ஒருத்தங்ககிட்ட இதான் இருக்கு. எங்கிட்டயும் இதே இருந்தாத்தான் ஆன்லைன்ல சேர்ந்து கேம் ஆட முடியும்,” என்றான் கணவன் இன்னாசிராஜ்.

“யாரு அவுங்க?”

“தெரிஞ்சவங்க.”

அன்றிலிருந்து கடலூர் வீட்டில் தினமும் சாயங்காலம் ஹெட்போனும் சிரிப்புமாக இருந்தான். ஒருநாள், “சாப்டியா?” என்று அவன் குழைந்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

“என்ன ப்ரோ, சத்தத்தையே காணோம்?”

அவளுடைய தம்பி சிலம்பரசன்! வீட்டை எதிர்த்துச் சர்ச்சில் அவள் தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசாதவன்.

இன்னாசிராஜ் அவசரமாக மைக்கை அணைத்தான். “நான் யாருன்னு அவனுக்குத் தெரியாது. என்ன வெலை ஏறினாலும் இந்தக் கம்பெனியை விடமாட்டான்னு நீதான சொன்ன? கேம்ல எந்தப் பேர்ல ஆடுவான்னும் நீதான் சொன்ன.”

அவளுக்கு வயிறு இன்னும் எரிந்தது.

“எங்கிட்ட பேசாதவன் உங்ககிட்ட சிரிச்சி சிரிச்சிப் பேசுறானா? நவுருங்க. மைக்கு ஆஃப்லயே இருக்கட்டும். எந்த பட்டனை அமுக்கணும், அதை மட்டும் சொல்லுங்க!”