மார்கழி அளவு

ஒரு ரைபிள் கிளப் அலமாரியில ரெண்டு டப்பா துப்பாக்கி மருந்து இருந்துச்சு. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. சித்திரைப் போட்டிக்கு எதைத் தோட்டாவுல அடைப்பாங்கன்னு ரெண்டுக்கும் பேச்சு.

"மார்கழியில நான் பத்துக்குப் பத்து நடுப்புள்ளியில அடிச்சவன். என்னை விட்டுட்டு உன்னையா எடுப்பாங்க?"ன்னுச்சு பழசு.

"உங்களையே எடுக்கட்டும்ணே"ன்னுச்சு புதுசு.

சுடப்போற சவரிமுத்து ரெண்டையும் அடைச்சார். பழசைப் பழக்கத்துல அதே மார்கழிக் குளிர் அளவுல அடைச்சு, அதையே முதல்ல சுட்டார். உச்சி வெயில் சூட்டுல மருந்து வேகமா வெடிச்சு, முதல் குண்டு குறி அட்டைக்கு மேல பறந்துச்சு. ரெண்டாவதுல தோட்டாக் கூடு துப்பாக்கிக்குள்ளயே இறுகிக்கிச்சு.

"என்னண்ணே இந்தக் குதி குதிக்கிறீங்க? என் நெஞ்சே வெடிச்சிருக்கும்"னு துப்பாக்கி முனகுச்சு.

"வெயில் அப்படி, தங்கச்சி. என் தப்பா?"

கூட்டைத் தட்டி எடுத்துட்டு சவரிமுத்து புதுசைச் சுட்டார். அதே வெயில், நடுப்புள்ளி.

போட்டி முடிஞ்சதும், இனி ஆகாதுன்னு, டப்பாவுல மிச்சமிருந்த பழசை மைதானத்து ஓரமாக் கொட்டித் தள்ளி நின்னு கொளுத்தினார். புஸ்ஸுன்னு சீரா எரிஞ்சுது.

"பாத்தியா தங்கச்சி, எவ்வளவு ஒழுங்கா எரியுறேன்!"னு அது கத்துச்சு.

துப்பாக்கியை அதுக்கு முன்னாடியே உறையில போட்டு மூடிட்டாங்க.