தடிமூக்கரின் குலப்பெருமை

கொழுப்பு எண்ணெய்க்காக மனிதர்கள் கடல்நாய்களை வேட்டையாடித் தீர்த்தபோது, தென்கடல் தீவொன்றில் ஒரே ஒரு குடும்பம் பாறை இடுக்கில் ஒளிந்து தப்பியது. பல தலைமுறை கழிந்து, இப்போது அந்தக் கரையில் புரண்டு படுக்க இடமில்லை. அத்தனையும் அந்தக் குடும்பத்து வாரிசுகள்தான். தலைவர் தடிமூக்கரைப் பெரியப்பா என்றும் கூப்பிடலாம், மாமா என்றும் கூப்பிடலாம், இரண்டும் பொருந்தும்.

சிப்பி என்ற பெண் கடல்நாய்க்குத்தான் மனம் ஆறவில்லை. அவளுடைய தலைச்சன் குட்டி மடங்கிய துடுப்போடு பிறந்து, நீந்த முடியாமல் அலையோடு போய்விட்டது. அந்த வருஷத்துக் குட்டிகளில் பாதிக்கு அதே துடுப்பு.

"ஏன் பெரியப்பா இப்படி?" என்று கேட்டாள்.

"அது நம்ம குலத்து அடையாளம்மா. கலப்பே இல்லாத ரத்தம்!" என்றார் தடிமூக்கர்.

பிறகு ஒரு புயலில் வேற்றுத் தீவுக் கடல்நாய் ஒருவன் கரை ஒதுங்கினான். "குலம் கெட்டுவிடும்!" என்று தடிமூக்கர் அவனைக் கடித்து விரட்டினார். அவன் தீவின் மறுபக்கம் போய்ப் படுத்தான். மத்தியான வெயிலில் கூட்டம் அசந்திருந்தபோது, சிப்பி பாறையைச் சுற்றி நீந்தி அவனிடம் போனாள்.

அடுத்த வருஷம் அவளுடைய குட்டி துடுப்பை அகல விரித்து, பெரிய அலைகளைக் கிழித்துக்கொண்டு நீந்தியது. கரையே வாயைப் பிளந்தது. தடிமூக்கர் முன்னால் வந்து குட்டியை உற்றுப் பார்த்தார். சிப்பி குட்டியின் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

"அச்சு அசல் என் தாத்தாதான்!" என்றார் அவர்.

"ஆமாம் பெரியப்பா," என்று சொல்லிவிட்டு, சிப்பி குட்டியோடு கடலில் இறங்கினாள்.