சிவந்த பிள்ளையார்

கார் மலைச்சாலையில் பாதி ஏறியபோது, ஸ்பீடு முள்ளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பிள்ளையார் ஸ்டிக்கர் சிவப்பாக ஒளிர்ந்தது. "என்னங்க, சாமி கண்ணைத் திறந்துட்டாரு! நிறுத்தாமப் போங்க," என்றாள் செண்பகம். பின்சீட்டில், பிரசவ வலியில் முனகும் மகளின் தலை அவள் மடியில் இருந்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்த மருதப்பனின் பார்வை அந்தச் சிவப்பிலேயே நின்றது. அடிக்கடி மின்னி எரிச்சலூட்டிய ஆயில் எச்சரிக்கை விளக்கின் மேல் போன மாதம் அந்த ஸ்டிக்கரை ஒட்டியதே அவர்தான். "அது விடாம எரிஞ்சா இன்ஜினுக்குள்ள ஆயில் ஏறலைன்னு அர்த்தம் அண்ணாச்சி. இரும்பும் இரும்பும் உரசும். உடனே இன்ஜினை அணைக்கலைன்னா ஒரேயடியா இறுகி நின்னுடும்," என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். "அப்பா..." என்றாள் மகள். மருதப்பனின் கை, இன்ஜினை அணைக்க, பிள்ளையாருக்குக் கீழே இருந்த சாவியை நோக்கி மெல்ல நகர்ந்தது. "ஆமா, தொட்டுக் கும்பிட்டுக்குங்க," என்றாள் செண்பகம்.