சப்பை மூக்கு

மூக்கு நீளமாக இருந்தது. வேண்டாம் என்றார்.

அடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார். குழல் வெளியே எட்டி வேடிக்கை பார்த்தது.

அதுவும் வேண்டாம்.

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்தப் பொம்மைக் கடை. தீபாவளிக்கு இன்னும் ஐந்து மாதம். கடைக்காரம்மா பரண் மேல் கிடந்த போன வருஷத்து மிச்சத்தையெல்லாம் இறக்கிவிட்டார். மேசை கொள்ளாத துப்பாக்கி. மனசு வைத்தால் ஒரு சின்ன நாட்டைப் பிடித்துவிடலாம்.

"பேரனுக்குங்களாய்யா?"

"எனக்குத்தாம்மா. தினமும் எடுத்துட்டுப் போகணும்."

வயது எழுபத்து நான்கு. கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து அழுத்திக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. படபடவென்று சுட்டது. சுட்டு முடித்துவிட்டு ஒரு பாட்டும் பாடியது.

"சத்தமே வரக் கூடாதும்மா."

"சத்தம் வராத துப்பாக்கிய வச்சு என்னங்கய்யா பண்ணுவீங்க?"

"சத்தத்துக்குத் தனியா ஆள் இருக்கான்."

கடைசியில் பெட்டியின் அடியில் அது கிடந்தது. தகர ரிவால்வர். சப்பை மூக்கு. உள்ளங்கையில் பூனைக்குட்டி மாதிரி அடங்கியது. சட்டைப் பையில் போட்டு, மேலே கைக்குட்டையைச் செருகினார். யாருக்கும் தெரியாது.

விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான். அவர் முகத்தில் நாற்பது வருஷம் குறைந்தது.

அந்தக் காலத்தில், பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் பகலெல்லாம் அவரும் சவரிமுத்துவும் ஒரே வேகனுக்கு ரிவிட் அடிப்பார்கள். ராத்திரி நாடகத்தில் அவர் சவரியைச் சுடுவார். இருபத்திரண்டு வருஷம். வில்லன் இவர். சாகிறவன் அவன்.

சாவதில் சவரியை மிஞ்ச ஆளில்லை. ஒரு தடவை செத்து முடிக்க முக்கால் மணி நேரம். முன்வரிசைப் பெண்கள் நாலு முழம் பூ கட்டி, மிச்ச நாரைச் சுருட்டி இடுப்பில் செருகிய பிறகும் அவனுக்கு மூச்சு இருக்கும். ரத்தத்துக்கு நன்னாரி சர்பத். எறும்பு மொய்க்கும். பிணம் சொறிந்துகொள்ளும்.

துப்பாக்கிச் சத்தத்துக்குத் திரைக்குப் பின்னால் ஓலைவெடி கொளுத்துவார்கள்.

மணப்பாறையில் அன்று மழை. வெடி நமுத்துவிட்டது.

விசையை இழுத்தார். டிக்.

எதிரே இரண்டாயிரம் பேர். சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் மூவாயிரம்.

இன்னொரு முறை. டிக்.

அடுத்த வசனம் எந்த ஊரிலோ இருந்தது. அப்போது சவரி தன் நெஞ்சைத் தானே பிடித்துக்கொண்டான். தன் வாயாலேயே சொன்னான்.

"டுமீல்!"

விழுந்தான்.

அடித்த விசிலில் கொட்டகைக் கூரை ஒரு சாண் மேலே போய்த் திரும்பி உட்கார்ந்தது.

அதற்கப்புறம் அவர்கள் வெடி வாங்கவே இல்லை. விசை இவருடையது. குண்டு சவரியுடையது.

கடையில் வாங்கிய அன்றே, மாலை ஐந்து மணி.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அவருடைய தோள்பையைத் துழாவினான். பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்தான். கைக்குட்டையை விட்டுவிட்டான்.

பதினெட்டாம் கட்டில். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, வலது பக்கம் விழுந்து, இன்றோடு பத்தொன்பது நாள். சவரி ஒரு சொல்லும் பேசவில்லை. பழகிய வார்த்தையாகப் பார்த்துத் தினமும் பேச வையுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மனைவி ஜெசிந்தா ஜெபம் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகள் பெயரைச் சொன்னாள். ஒர்க் ஷாப்பில் ஆளுக்கொன்றாகத் தந்த டிக்கெட் நம்பரைக்கூடச் சொன்னாள்.

சவரி கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

அவர் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். ஒரு காலை முன்னே வைத்தார். ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். முட்டி வலித்தது. புருவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரிவால்வரை எடுத்தார்.

"அண்ணே, நர்சு வர்றா. மானம் போயிரும்ணே," என்றாள் ஜெசிந்தா.

டிக்.

சவரியின் கண் கூரையிலிருந்து இறங்கியது. அந்தச் சப்பை மூக்குக்கு வந்து நின்றது.

டிக்.

இரண்டு டிக் ஆயிற்று. மணப்பாறையில் ஆனது போலவே.

போர்வைக்குள் ஏதோ ஊர்ந்தது. இடது கை. வெளியே வந்தது. மெல்ல மெல்ல நெஞ்சுக்கு ஏறியது.

உதடு ஒரு பக்கமாகக் குவிந்தது.

"டு..."

ஜெசிந்தா டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். வந்த நர்சும் நின்றாள்.

அவர் கையை இறக்கவில்லை. மீதி வரட்டும் என்று நீட்டியபடி நின்றார். முக்கால் மணி நேரம் நின்றார். சரி, ஐந்து நிமிஷம்.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. சவரியின் கை நெஞ்சிலேயே இருந்தது. கண் அவரை விடவில்லை.

வாசலில் அதே காவலாளி. கைக்குட்டை இப்போது அவர் கண்ணருகே இருந்தது. சட்டைப் பையில் பிடி துருத்திக்கொண்டிருந்தது.

"அய்யோ பெருசு, துப்பாக்கியா? யாரச் சுட்டீங்க?"

"பாதிதான்யா சுட்டிருக்கேன்," என்றார். "மீதிக்கு நாளைக்கு வரணும். உள்ள விடுவியா?"