எட்டா, மூன்றா?

"சார், அந்த வெள்ளை வண்டி இன்னைக்கும் வரலை."

ஏட்டு நிமிரவில்லை. "எந்த வண்டி? திருட்டு லிஸ்ட்ல இருக்கா?"

"இல்ல சார். தினம் எட்டேகாலுக்குப் பாலத்தைத் தாண்டும். ரெண்டு நாளா காணோம்."

"ஏம்மா, ஊர்ல ஆயிரம் வண்டி ஓடுது. ஒண்ணு வரலைன்னா நமக்கென்ன?"

போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு நம்பர் சரிபார்க்கும் வேலை. காலை ஆறு மணிக்கே வந்துவிடுவாள். பாலத்துக் கேமரா, போகிற வண்டிகளின் நம்பரையெல்லாம் தானே படித்துக்கொள்ளும். படிக்க முடியாததை மட்டும் அவள் திரைக்கு அனுப்பும். அந்த வெள்ளை வண்டியின் கடைசி எண்ணில் பெயின்ட் உரிந்திருந்தது. எட்டா, மூன்றா என்று நான்கு வருடமாகக் கேமரா அவளைக் கேட்டது. அவளும் சளைக்காமல் எட்டு என்று அடித்தாள்.

வண்டியின் பின்பக்கம்தான் படத்தில் விழும். ஓட்டுபவர் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் விடுமுறை நாட்களில் 'இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்' என்று நினைத்துப் பார்க்க அவளுக்கு வேறு யாரும் இல்லை. வண்டியில் புதிதாகக் கீறல் விழுந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அட்ரஸ் எடுத்து ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க சார்."

"கம்ப்யூட்டர்ல நம்பரைத் தட்டினா என்ன காரணம்னு கேட்கும். 'வரலை'ன்னு எழுதவா? போன மாசம் சும்மா தட்டிப் பார்த்தவனுக்கு வேலையே போச்சு."

"என் பேர்ல எழுதுங்க. போனா போகட்டும்."

ஏட்டு அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வரும்போது மதியம் இரண்டு மணி.

"புண்ணியவதிம்மா நீ! ஆள் பிழைச்சுக்கிட்டார். குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கிடந்தார். தனிக்கட்டை. பூட்டை உடைச்சுத்தான் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்தோம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சத்தம் போட்டிருக்கலாமே சார்?"

"குரலே எழும்பலையாம். கையில கிடைச்ச மக்கால சுவத்தைத் தட்டிட்டே இருந்திருக்கார். பக்கத்து வீட்ல ஆளே இல்ல போலன்னு கடைசியில விட்டுட்டாராம். உன்னைப் பத்திச் சொன்னதும் பச்சைப் பிள்ளை மாதிரி அழுதுட்டார். 'என்னைத் தேட இந்த ஊர்ல ஒரு ஆள் இருக்கா?'ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டார்."

"மாத்துத் துணி வேணுமே அவருக்கு. நான் எடுத்துட்டுப் போய்க் கொடுக்கறேன். வீடு எங்க சார்?"

ஏட்டு கையிலிருந்த சீட்டைப் பார்த்துத் தெருவைச் சொன்னார். கட்டிடத்தைச் சொன்னார். "மூணாவது மாடி, பன்னிரண்டாம் நம்பர்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"என்னம்மா, தெரிஞ்ச இடமா?"

"பதினொண்ணு என் வீடு சார். மேல் மாடியில ஆணி அடிக்கிறாங்கன்னு நினைச்சு, டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுட்டேன்."